மாமிக்குச் சொன்ன சனிக்கிழமைகள்

நேற்று வகுப்பில் ஒரு பிள்ளை, பனியில் ஊறிப்போன கம்பளிக் கையுறைகளைச் சூடாக்கியின் மேல் காயப் போட்டிருந்தது. அதில் போடக்கூடாது என்று குளிர்காலம் தொடங்கிய நாள் முதல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அதட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த வாசம் மூக்கில் ஏறிவிட்டது. ஈர ஆட்டு மணமும், கருகுவதற்குக் கொஞ்சம் முந்தைய துணியின் மணமும் கலந்த ஒன்று. திறந்த வாயோடு நான் நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அது எங்கள் பழைய காரின் வாசம்.

கல்யாணம் முடிந்த கையோடு வாங்கிய கார். நாங்கள் எத்தனையாவது சொந்தக்காரர் என்று விற்றவருக்கே தெரியாது. சூடான காற்று ஒரு பக்கத்தால்தான் வரும். அந்தப் பக்கம் எனக்கு. நனைந்த கையுறைகளை, இவருடையதையும் சேர்த்து, காற்று வரும் துவாரத்தில் செருகி வைப்பேன். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகவில்லை, எழுதும்போதும் கை வருகுதில்லை. இவர் என்றே இருக்கட்டும்.

அப்போது மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மேல்மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் இந்த ஊரில் வளர்ந்தவள். நாட்டுக்குப் புதிதாக வந்த சின்னப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கும் வகுப்பில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. இவர் போர் முடிந்த பிறகு கிளிநொச்சியிலிருந்து வந்தவர். மருந்துகள் பொதிசெய்யும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. நான் வீட்டுக்கு வரும்போது இவர் போயிருப்பார்; அடுப்பில் கறிச்சட்டி இன்னும் சூடாக இருக்கும். இவர் வரும்போது நான் உறங்கியிருப்பேன். காலையில் நான் சத்தமில்லாமல் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்குவேன். ஒரே வீட்டில் ஒருவரையொருவர் அறியாத இரண்டு வாடகைக்காரர் போலத்தான் இருந்தோம். எனக்கு உண்மையிலேயே ஒரு புருஷன் இருக்கிறாரா என்று பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணினார்கள்.

அதனால் எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதும் சனிக்கிழமைக்குள் அடங்கியிருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் இவர் தேத்தண்ணியோடு வந்து எழுப்புவார். "எங்கையப்பா போறம்?" என்று கேட்பேன். "நீர் வெளிக்கிடும். போகேக்கை சொல்லுறன்." போன வாரம் போன இடத்துக்கு இந்த வாரம் போகமாட்டோம். புரோசார்ட்டில் கடைத்தொகுதி, கர்க்லாண்டில் யாரோ ஒருவர் வீட்டுப் பிறந்தநாள், மன்னார் ஆட்கள் கூடும் மாதா திருநாள், கோடையில் மைதானத்துக் கிரிக்கெட், சீலை மலிவு விற்பனை. சீலை வாங்கும் இடத்துக்கு வலிய வரும் ஆண்பிள்ளையை யார் கண்டது? நான் குதி உயர்ந்த சப்பாத்தும் பொட்டுமாக, இந்த ஊரிலேயே கொடுத்துவைத்தவள் நான்தான் என்ற நினைப்பில் பனியில் சறுக்கிச் சறுக்கி நடப்பேன். சாப்பாட்டுக் கடைகளில் இவர் எப்போதும் வாசலைப் பார்த்த கதிரையில்தான் இருப்பார். சுவரைப் பார்த்த கதிரை எனக்கு. என் முகத்தைப் பார்க்க அதுதான் வசதி போலிருக்கிறது என்று நினைத்து, தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொள்வேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறு எனக்கு வேலை நாள். சாப்பாட்டு மேசை முழுக்க நிறத்தாளும் பசையும் பரவிக் கிடக்கும். இவர் பக்கத்தில் இருந்து கத்தரிக்கோலால் மீனும் ஆப்பிளும் வெட்டித் தருவார். வெட்டி வெட்டியே பிரெஞ்சில் பாதிப் பழங்களின் பெயரைப் படித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கிளிநொச்சியிலிருந்து மாமியின் அழைப்பு வரும். மகனோடு இரண்டு வார்த்தை. பிறகு, "பிள்ளையிட்டைக் குடு."

"பிள்ளை, நேற்று எங்கை போனியள்?"

"புரோசார்ட் மாமி."

"அங்கை எங்கடை சனம் கனபேர் இருக்கினமோ?"

"ஓம் மாமி, நிறைய."

"பெடியளும் நிக்கினமோ?"

"நிக்கினம் மாமி. நாங்கள் அங்கை ஒரு சீனக் கடையிலை சாப்பிட்டனாங்கள்..." என்று தொடங்கினேன் என்றால் நூடில்சின் நீளம், சூப்பின் காரம், கடைக்காரி கட்டியிருந்த ஏப்ரன் வரை சொல்லித்தான் முடிப்பேன். மாமி ஒரு சொல் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். இப்படி ஒரு மாமியார் யாருக்கு வாய்க்கும் என்று எனக்குள் பெருமை.

திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, வார இறுதியில் என்ன செய்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லவைப்பேன். வசனம் எப்படி அமையும் என்று காட்ட நான்தான் முதலில் சொல்லவேண்டும். சனிக்கிழமை நானும் என் கணவரும் இன்ன இடத்துக்குப் போனோம். அடுத்த திங்கள் வேறு இடம். அதற்கு அடுத்த திங்கள் இன்னொன்று. ஒருநாள் முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் கையை உயர்த்தி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "மடாம் வீடு தேடுறீங்களா?" என்று கேட்டாள். அவர்களுடைய குடும்பம் அப்போது வீடு தேடி அலைந்துகொண்டிருந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

புரோசார்ட்டில் அதே கடைத்தொகுதி. வெளியே பனி கொட்டியதால் சனமெல்லாம் உள்ளே. நான் இரண்டு கைகளிலும் சூடான சொக்லேற் கோப்பைகளோடு திரும்பி வருகிறேன், இவர் கதிரையைத் தள்ளி விழுத்திவிட்டு ஓடுகிறார். "வசந்தன்! டேய், வசந்தன்!" என்று கத்துகிறார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வசந்தன் இவருடைய தம்பி. கடைசிச் சண்டையில் காணாமல் போனவர் என்று கல்யாணப் பேச்சின்போதே சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் சாமிப் படங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, பூ வைக்காமல், அவருடைய படம் ஒன்று நின்றது. பூ வைத்தால் செத்துப்போனார் என்று ஆகிவிடும்.

நீலச் சட்டை போட்ட ஒருவர் திரும்பினார். பக்கவாட்டில் பார்த்தபோது நானும் அவர்தான் என்றே நினைத்தேன். படத்தில் இருந்த அதே விரிந்த காது, அதே கழுத்து. நேரே பார்த்தால் வேறு ஆள்.

"நான் வசந்தன் இல்லை அண்ணை," என்றார் அந்த மனிதர். பிறகு கொஞ்சம் தயங்கி, "கன நாளைக்கு முந்தியும் ஒரு அம்மா கோயிலடியிலை வைச்சு என்னை இந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டவ. நீ கிளிநொச்சிப் பெடியன்தானே எண்டு கையைப் பிடிச்சவ. இல்லை எண்டன். அவ நம்பேல்லை."

இவர் அந்த மனிதரின் முகத்தையே பார்த்தார். "அப்ப அது நீர்தான்," என்றார் மெல்ல. "குறை நினையாதையும் தம்பி."

அந்த மனிதருக்கு என்ன விளங்கியதோ, இவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

காருக்குள் வந்து இருந்தோம். கண்ணாடியில் பனி மூடியிருந்தது. இவராகத்தான் சொன்னார்.

"எங்கடை கலியாணத்துக்கு முந்தி ஆரோ அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கினம். மொன்றியலிலை ஒரு கோயிலடியிலை வசந்தனைக் கண்டதாம். பேர் சொல்லிக் கூப்பிட்டும் தெரியாத மாதிரிப் போட்டானாம்."

"அப்ப இவ்வளவு நாளும் நாங்கள்..."

"ஓம்."

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் விடிய எழும்பிப் பொட்டு வைச்சுச் சிரிச்சுக்கொண்டு நிப்பீர். அதுக்குள்ளை கொண்டுவந்து இதை எப்பிடிச் சொல்லுறது?"

மாமி எனக்கும் தெரியும் என்றே நினைத்திருந்தார். அதனால்தான் என் நூடில்ஸ் கதைகளை அவ்வளவு பொறுமையாகக் கேட்டிருக்கிறார். கடைக்காரிக்கும் சூப்புக்கும் இடையில் எங்கேயாவது தன் மகன் வந்துவிடுவான் என்று காத்திருந்திருக்கிறார்.

மறுநாள் அழைப்பு வந்தது. இவர் என்னைப் பார்த்தார். நான் வாங்கினேன்.

"புரோசார்ட் போனனாங்கள் மாமி."

"ஒருதரையும் காணேல்லையோ?"

என் வாழ்க்கையில் முதன்முறையாக அவர் என்ன கேட்கிறார் என்று விளங்கிக்கொண்டு பதில் சொன்னேன். "இல்லை மாமி."

"சரி பிள்ளை. பெரிய ஊர்தானே. ஆறுதலாப் பாக்கலாம்."

அந்த நீலச் சட்டைக்காரரைப் பற்றி இவர் தாயிடம் சொல்லவேயில்லை. "சொன்னா அம்மா அவனை ரெண்டாந்தரம் பறிகுடுப்பா," என்றார். ஆனால் போகாத இடத்துக்குப் போனதாகச் சொல்லவும் இவருக்கு வாய் வராது. ஆகவே தேடுவதற்கு ஆள் இல்லை என்று தெரிந்த பிறகும் நாங்கள் சனிக்கிழமைகளில் வெளிக்கிட்டோம். கர்க்லாண்ட், லவால், ஆற்றுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம். இப்போது நானும் வாசலைப் பார்த்த கதிரையில் இவருக்குப் பக்கத்தில் இருக்கத் தொடங்கினேன்.

தேட ஆள் இல்லை என்று அறிவுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியவில்லை. பேருந்தில், மெட்ரோவில், பெற்றோரைச் சந்திக்கும் நாளில் வகுப்பறை வாசலில் நின்ற தகப்பன்மார் மத்தியில், எல்லா இடத்திலும் எனக்கு அந்தக் காது தெரிந்தது. கரும்பலகையில் வினைச்சொல் எழுதிக்கொண்டிருக்கும்போது யன்னலுக்கு வெளியே ஒருவர் நடந்து போனால் பாதி வசனத்தில் நிற்பேன். நான் கண்ணால் காணாத ஒரு பெடியன் என்னை இப்படிப் பின்தொடர்ந்து வந்தான்.

எனக்குள் இன்னொன்றும் அரித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் கர்க்லாண்டில், கார் நிறுத்தும் இடத்தில், கார்க் கண்ணாடியில் பனி தட்டிக்கொண்டிருந்த இவரிடம் கேட்டே விட்டேன். "அந்த முதல் சனிக்கிழமையள் எல்லாம் உங்களுக்குத் தேடுறது மட்டும்தானோ? சந்தோசமே இருக்கேல்லையோ?"

இவர் பனி தட்டும் தூரிகையைக் கீழே வைத்தார்.

"இருந்தது. அதுதானே பயமாக் கிடந்தது. நீர் சிரிக்கேக்கை நான் சனத்தைப் பாக்க மறந்துபோடுவன். பேந்து நினைவு வந்தா, அந்த நேரத்துக்குள்ளை அவன் கடந்து போயிருப்பானோ எண்டு திரும்பித் திரும்பிப் பாப்பன்."

அன்று வீடு திரும்பும் வரை இவருடைய கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இவர் ஒற்றைக் கையால் கார் ஓட்டினார்.

மாமி ஒரு மழைக்காலத்தில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழும்பவில்லை. இவர் போய்க் காரியங்களை முடித்துவிட்டு வந்தார். வந்த பிறகு முதல் சனிக்கிழமை, பழக்கத்தில் இருவரும் வெளிக்கிட்டோம். இவர் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டி எடுத்தார். காரில் ஏறி எஞ்சினை இயக்கினார்.

"எங்கையப்பா போறம்?" என்று கேட்டேன்.

இவர் கைகளை ஸ்டியரிங்கில் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடியின் உள்பக்கத்தில் படிந்திருந்த ஆவி விலகித் தெரு முழுவதும் தெளிவாகத் தெரியத் தொடங்கியும் இவருக்குப் போக ஒரு இடம் தோன்றவில்லை. பிறகு சாவியைத் திருப்பி நிறுத்தினார். மேலே வந்தோம். ஞாயிறு திருத்த வைத்திருந்த பயிற்சித் தாள்களை நான் அன்றைக்கே எடுத்து வைத்துக்கொண்டேன்.

இப்போது சனிக்கிழமைகளில் மகளின் நீச்சல் வகுப்பு இருக்கிறது. எங்களோடு பிரெஞ்சில்தான் கதைக்கிறாள். இவருக்குப் பகல் வேலை கிடைத்துவிட்டது. தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம், தினமும் ஒன்றாகத் தொலைக்காட்சி பார்க்கிறோம். குறையொன்றும் இல்லை.

சென்ற வாரம் மகளுக்குக் குளிர்ச் சப்பாத்து வாங்கப் போனோம். கடைத்தொகுதியில் நல்ல சனம், எங்கடை ஆட்களும் நிறைய. இவர் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன். இவர் எவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்து நடக்கிறார். எதிரே யாராவது வந்தால் தலை நிமிராமலே "பார்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கி வழி விடுகிறார். வசந்தனே எதிரில் வந்திருந்தாலும் அப்படித்தான் வழி விட்டிருப்பார்.