அத்தையின் ஜெபம்

என் அத்தை யாரையும் நேரில் குறை சொல்லமாட்டாள். எல்லாவற்றையும் ஆண்டவரிடம்தான் சொல்லுவாள், அதுவும் எங்கள் காது கேட்க.

சின்னமனூரில் எங்கள் வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. அப்பாவின் அக்காவான அத்தை, கணவரை இழந்தபின் எங்களோடுதான் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, "பிதாவே, இந்த வீட்டு மருமகள் குழம்பில் உப்பை அள்ளிப் போடுகிறாள். அவள் கையை நீரே பிடித்துக்கொள்ளும்" என்பாள். ஜெபத்துக்கு நடுவில் யார் எதிர்த்துப் பேசுவது? அம்மா "ஆமென்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒனக்குக் கோவமே வராதாம்மா?"

"வராம? பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் ஆமென் சொல்றேன்."

ஒருநாள் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபையார் எல்லோரும் வந்திருக்க, அத்தை அம்மாவின் செத்துப்போன தாயை இழுத்தாள். மகளுக்கு ஒரு வேலையும் பழக்காமல் விட்ட அந்தத் தாயையும் மன்னியும் என்றாள். அம்மாவின் ஆமென் அன்று தாமதமாக வந்தது.

கூட்டம் கலைந்ததும் அப்பா கொதித்தார். "நாளைக்கே பழனிசெட்டிபட்டிக்குப் பஸ் ஏத்தி விடுறேன்க்கா. ஒம் மகன் வீட்டுல போயி ஜெபம் பண்ணு."

அந்த மகன் வீட்டில் அத்தை ஜெபிக்க உட்கார்ந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்களாம். அம்மாதான் குறுக்கே வந்தாள்.

"அங்கன போனா இவுகளுக்கு யாரு ஆமென் சொல்லுவா? இங்கனயே இருக்கட்டும்."

மறுநாள் ஜெபத்தில் அத்தை மழையைக் கேட்டாள், எங்கள் தோட்டத்துத் திராட்சைக்கு நல்ல விலை கேட்டாள், என் படிப்பைக்கூடக் கேட்டாள். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடிக்கப் போகும்போது அம்மா கண்ணைத் திறந்தாள்.

"என்னைய விட்டுட்டீகளே."

அத்தை மறுபடி கண்ணை மூடி, "இவளுக்கு ரசமும் வைக்கத் தெரியாது ஆண்டவரே" என்று ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. அம்மா ஆமென் சொன்னாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வலியப் போய் வசவு வாங்குகிற பைத்தியமும் உண்டா என்று நினைத்தேன்.

இன்று இரண்டு பேருமே இல்லை. என் வீட்டிலும் சாயங்கால ஜெபம் நடக்கிறது, ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. என்னைத் திருத்தும்படி ஆண்டவரிடம் மன்றாட எனக்கென்று ஒருவரும் இல்லை. அம்மா அன்று எதைக் கேட்டு வாங்கினாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.