ஒன்பது பேரில் ஒன்பதாவது

வாத்தியார் வேலையில் பாடம் சொல்லிக் கொடுப்பதெல்லாம் ஒரு காரியமே இல்லை; வருடத்துக்கு மூன்று தடவை ரிப்போர்ட் கார்டில் நம்பர் போடுவதுதான் உயிரை வாங்கும். அந்தக் கார்டை நீங்களும் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பீர்கள். முதுகில் வாங்கியிருப்பீர்கள். பிறகு பெரியவர்களாகி, வாங்கினதை உங்கள் பிள்ளை முதுகில் இறக்கியும் வைத்திருப்பீர்கள். அதனால் உங்களிடம் எனக்கு ஒளிவு மறைவு இல்லை.

நான் மலாய் நாட்டில் லகாட் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள். எழுபதுகளில் ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் செம்மண் சாலையில் நடக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு என் பொறுப்பு. மொத்தமே ஒன்பது பிள்ளைகள்.

காலிக் கட்டம்

முதல் தவணைப் பரீட்சை முடிந்ததும் தலைமையாசிரியர் ஒன்பது கார்டுகளையும் ஒரு சிவப்பு மசிப் புட்டியையும் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். ஒன்றிலிருந்து ஒன்பது வரை நம்பர் போட வேண்டுமாம். எட்டு வயசுப் பிள்ளைகள் ஆண்டவரே! விழுந்த பல்லுக்கு இன்னும் மறுபல் முளைக்கவில்லை, அதற்குள் யார் உருப்படுவான், யார் உருப்படமாட்டான் என்று நான் எழுதித் தர வேண்டும். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சார், மார்க்கை மட்டும் போட்டுட்டு நம்பரை விட்டுடலாமே" என்றேன். அவர் நல்ல மனுஷன், கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கட்டம் காலியா இருந்தா மேலிடத்துல கேப்பாங்கம்மா. பிள்ளை காலியா இருந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

ஒன்பதைத் தொட்ட மகள்

ஒன்றாவது நம்பர் குணாவுக்கு. ஒன்பதாவது நம்பர் பூங்கொடிக்கு. குணா வாய் ஓயாத பையன். பூங்கொடி அவன் பக்கத்தில் உட்காரும் பெண், வாய் திறந்தால் அதிசயம். கார்டு கொடுத்த மறுநாள் பூங்கொடியின் அப்பா முனியாண்டி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பாலுக்காக ரப்பர் மரப் பட்டையை வெட்டிவிட்டு நேராக வந்திருந்தார், கையெல்லாம் ரப்பர் பால். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன்.

மனுஷன் கும்பிட்டார்! ரொட்டிக்கார பாயிடம் மகளுக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தாராம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாகக் கார்டைக் காட்டினாராம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. அவருக்குத் தெரிந்த கணக்கு, ஸ்டோரில் பால் நிறுக்கிற கணக்கு. நிறுவையில் அதிக ராத்தல் வந்தவன்தான் கெட்டிக்காரன், ஒன்று வந்தவன் சோம்பேறி. பக்கத்து வீட்டுக் குணா வெறும் ஒன்று, அவர் மகள் ஒன்பது. உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்: "மூணே மாசத்துல ஒம்பதுக்கு ஏறிட்டா டீச்சர். வருசக் கடைசிக்குள்ள பதினஞ்சத் தொட்டுட மாட்டா?"

ஸ்டோரில் நடந்த பாடம்

நான் சொல்லாததைக் கிராணி சொல்லிவிட்டார். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, நாலு எழுத்து கூடப் படித்தவர். பால் நிறுக்க வாளியோடு எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, முனியாண்டி அவரிடமும் கார்டை நீட்டியிருக்கிறார். கிராணி அதை வாங்கி வரிசைக்கே கேட்கிற மாதிரி விளக்கம் சொல்ல, வரிசை முழுக்க விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. குணாவின் அப்பா சிரித்த சிரிப்பில் வாளிப் பாலே தளும்பியதாம்.

அன்று மத்தியானம் முனியாண்டி மறுபடி வந்தார். கும்பிடவில்லை. இன்னொரு தடவை கடைசியாக வந்தால் பூங்கொடியை நிறுத்திவிடுவாராம். கைக்குழந்தையைக் காலையில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பெண்டாட்டி வேலைக்குப் போகிறாளாம், இவள் வீட்டிலிருந்து தம்பியைப் பார்த்துக்கொள்ளட்டுமாம். "படிப்பு வராத பிள்ளைய வச்சு என்னா டீச்சர், சுசா லா" என்றார்; மலாயில் 'கஷ்டம்தான்' என்று அர்த்தம். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி நின்றார். "அவங்க சிரிச்சது போவட்டும். நீங்களும் அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டுத்தானே நின்னீங்க?"

ஒரே பென்சில்

இரண்டாம் தவணைப் பரீட்சைக்கு முன்னால் பூங்கொடியை வகுப்பு முடிந்தும் உட்கார வைத்தேன். கணக்குக் கேட்டால் டக்கென்று சொல்கிறாள். வாசிக்கச் சொன்னால் தட்டுத் தடங்கலில்லாமல் வாசிக்கிறாள். பிறகு எப்படி ஒன்பது? முதல் தவணைத் தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்று கேள்விக்கும் பதில் சரி. அதற்குக் கீழே வெள்ளை.

பரீட்சையன்று நாற்காலியில் உட்காரவில்லை, பின்னால் போய் நின்றுகொண்டேன். மணி அடித்ததும் குணா கையை நீட்டினான். பூங்கொடி தன் பென்சிலை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அவன் பென்சிலைத் தொலைப்பதில் மன்னன், வீட்டில் கேட்டால் உதைதான். அரை மணி நேரப் பரீட்சையில் அவன் எழுதி முடிக்கிறவரை இவள் சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் தவணையிலும் இதே கதைதானாம், அப்போது அவன் கெஞ்சிக் கேட்டிருக்கிறான். நான் அப்போது மேசையில் உட்கார்ந்து கார்டுகளுக்கு நேர்த்தியாகக் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என் கன்னத்தில்தான் அறைந்திருக்க வேண்டும். "உன் பென்சில்தானேடி, நீ முதல்ல எழுதக்கூடாதா?" என்று கத்திவிட்டேன். அவள் மிரண்டு போய், என்னவோ எனக்குத்தான் விவரம் தெரியாத மாதிரி சொன்னாள்: "அவன்தானே டீச்சர் மொத நம்பரு?"

புது ஒன்பது

அந்தப் பரீட்சையை அங்கேயே நிறுத்தினேன். மறுநாள் சந்தைப்பக்கக் கடையில் ஒன்பது பென்சில் வாங்கி, சீவி, ஆளுக்கொன்று கொடுத்து, வேறு கேள்வி போட்டு எழுத வைத்தேன். பூங்கொடி ஐந்தாவதாக வந்தாள். முனியாண்டி கார்டை வாங்கி, இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று, விரல் விட்டு எண்ணினார். ஐந்துக்குக் கீழே இன்னும் நாலு பேர் என்று திருப்தியானதும் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நிறுத்துகிற பேச்சையே காணோம். "கிராணிகிட்ட நானே போய்க் காட்டுறேன்" என்று கிளம்பினார். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்?

அந்தச் சந்தோஷத்தில் செல்வத்தை நான் மறந்தே போனேன். போன தடவை எட்டாவதாக இருந்தவன். இந்தத் தடவை பன்னிரண்டு மார்க் கூடுதலாகவே எடுத்திருந்தான், பாவி மகன். ஆனால் ஒன்பது பேருக்கு நம்பர் போட்டால் ஒன்பதாவது யாராவது வந்துதானே தீர வேண்டும்? என் கையால்தான் போட்டேன், அதே சிவப்பு மசியில். அவன் கார்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினான். பூங்கொடி, அப்பா வாங்கித் தந்த தேங்காய் பன்னோடு அவனையே பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்தாள். "அவனுக்கும் பென்சில் குடுத்தீங்கல்ல டீச்சர், அப்புறம் ஏன் அழுவுறான்?"

அதற்கப்புறம் எத்தனையோ வருடம் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தயங்காமல் நம்பர் போட்டுத் தள்ளிய நான், அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுத ஒன்பது பென்சிலையும் கொடுத்தாலும் இன்றும் வெள்ளைத்தாளைத்தான் நீட்டுவேன்.