யோகமக்காவுக்காக நான் ஊதிய கதை

போன மாதம் ஆஸ்பத்திரியில் நான் ஒரு பரீட்சை பாஸானேன் — வேறொருவர் பெயரில்!

பக்கத்து வளவு யோகமக்காவுக்கு நெடுநாளாய் ஆஸ்துமா. அன்று கிளினிக். "தம்பி, என்ரை கிளினிக் கொப்பியைக் குடுத்து மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார். எங்கள் பக்கத்தில் இது புதினமே இல்லை. ஆள் வீட்டில் இருக்கும். கொப்பி பஸ் ஏறும்.

என் முறை வந்தது. டொக்டர் கொப்பியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பாவம், வெளியே அத்தனை சனம்! மூச்சின் பலம் பார்க்கும் குழாயை நீட்டினார்.

"யோகம், ஊதுங்கோ."

எனக்கு மீசை வேறு இருக்கிறது... "நான் யோகமக்கா இல்லை" என்று சொல்லியிருக்கலாம்தானே? ஆனால் அந்தக் கதிரையில் இருந்தால் எனக்கு "ஓம் டொக்டர்" தவிர வேறு கதை வராது. மூச்சைப் பிடித்து ஊதினேன். முள் விர்ரென்று ஏறியது.

"நல்ல முன்னேற்றம். மருந்தைக் குறைப்பம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது!

பெருமை ஒரு கிழமைதான். வயலில் நெல் அரிவு வெட்டு நேரம், எங்கும் தூசி. குறைத்த மருந்து போதவில்லை. அக்காவுக்கு மூச்சு இழுக்கிற சத்தம் எங்கள் குசினிவரை கேட்டது. பயந்துபோனேன். இது யார் செய்த வேலை? நான் செய்த வேலை! ஓட்டோ பிடித்து அவரையே கூட்டிக்கொண்டு ஓடினேன்.

அவர் ஊதினார். முள் அசையவே இல்லை. டொக்டர் அப்போதுதான் தலை நிமிர்ந்தார். உடனே முகத்தில் மாஸ்க் மாட்டி, மருந்துப் புகை பிடிக்க வைத்தார். இழுப்புச் சற்று அடங்கியதும் கொப்பியைப் புரட்டினார்.

"போன முறை நல்லா ஊதினனீங்கள்தானே அம்மா?"

"அது... நான்தான் டொக்டர்" என்றேன்.

"அப்ப அதுக்கு முதல்?"

"எங்கட அவர்," என்றார் யோகமக்கா. "அதுக்கு முதல் மருமோன். ஒருக்கா கோயிலிலை சங்கு ஊதுற அண்ணையும் வந்தவர்."

அந்தக் கொப்பியில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க மூச்சு விட்டிருந்தது — அக்காவைத் தவிர. சங்கு அண்ணை வந்த மாதம் மருந்தைப் பாதியாக வெட்டியிருந்தார்கள்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"ஏனம்மா, நீங்கள் ஒருநாளும் வரேல்லை?"

"சந்திவரைக்கும் நடந்து, பஸ் ஏறி, வரிசையிலை நிண்டு... மூச்சு முட்டுது டொக்டர். இந்த இழுப்பு வருத்தத்தோடை எப்பிடி வாறது?"

ஆஸ்துமா கிளினிக்குக்குப் போக முதலில் ஆஸ்துமா இருக்கக்கூடாது!