கரைவலையில் என் இடம்

“…கண்ணு தெரியாதவன் வடத்தைப் புட்ச்சா வலை கோணிக்கும் மச்சான். வூட்டுக்குப் போயி குந்திக்கினு கெட!” என்று சொல்லிக்கொண்டே என் மனைவியின் அண்ணன் என்னை மல்லாக்கத் தள்ளினான். ஐம்பதுகளின் நடுவில், கடப்பாக்கத்துக் கரையில் நடந்தது இது. அம்மையில் பார்வை போய் எனக்கு இரண்டாவது வருஷம். ஈர மணல் காலுக்குக் கெட்டியாக இருக்கும், காய்ந்த மணல் புதையும். இரண்டும் சேரும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு தடியோடு, தனியாகவே கரைவலை இழுக்க வந்திருந்தேன். கடலில் விரித்த வலையைக் கரையிலிருந்து இழுக்கும் அந்த வடக்கயிற்றில் என் இடம் போய்விட்டால் வீட்டில் உலை ஏது?

எழுந்தேன். வாயில் குத்தினான்; ஒரு பல் ஆடிப்போனது. குரல் வந்த பக்கம் தடியை வீசினேன், விலகிக்கொண்டான். பிறகு, எங்கள் கரையில் சண்டை என்றால் எல்லோரும் செய்வதை அவனும் செய்தான். குனிந்து ஒரு பிடி மணலை வாரி என் கண்ணில் அடித்தான். என் கண்ணை அது என்ன செய்யும், சொல்லுங்கள்? ஆனால் விரல்கள் மணலைப் பிராண்டிய சத்தம் அவன் நின்ற இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது. முழு பலத்தோடு ஒரு போடு போட்டேன். மூக்கெலும்பு நொறுங்கியது தடி வழியாகவே என் கைக்குத் தெரிந்தது.

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். “குருட்டுக் கண்ணுல மண்ணைப் போட்டியே, இன்னா மூளை அண்ணாத்த உனுக்கு!”

மச்சான் ரத்தத்தைத் துப்பினான். என் கழுத்தைப் பிடித்து இழுத்துப்போய், வலை இழுக்கிறவர்கள் எல்லோரும் கட்டிக்கொள்வதுபோல இடுப்பில் மூச்சு முட்டக் கயிற்றை இறுக்கிக் கட்டி, அதன் மறுமுனையை வடத்தில் முடிந்துவிட்டு, எனக்கு முன்னால் நின்று இழுக்க ஆரம்பித்தான்.