தேன்மொழி எழுதிய தேடல்

போன வாரம் செஞ்சி பேருந்து நிலையத்தில் இறங்கும்போது தேன்மொழியின் தம்பி போனில் அழைத்தார். "அக்கா காலைல தவறிட்டாங்க. பனமலைக்கே எடுத்தாந்துட்டோம், வந்துடுங்க" என்றார். ஓராண்டுக்கு மேலாகப் புற்றுநோய், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் எந்த பஸ் ஏறுவது என்று தெரியாமல் சிறிது நேரம் அங்கேயே நின்றேன்.

உங்களில் பலர் அவரோடு சென்னை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். மீட்டிங் நேரத்தில் திரையில் மட்டுமே அவரைப் பார்த்தவர்களும் உண்டு. நோய் வருவதற்கு முன்பே அவர் சொந்த ஊரான பனமலைக்குத் திரும்பிவிட்டார். செஞ்சி கடைத்தெருவில் ஒரு மாடியறையில் நாங்கள் இருவரும் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதினோம். கிராம செவிலியர்கள் மருத்துவக் கையேட்டைக் கைபேசியில் படிக்க ஒரு செயலி. சொல்லைத் தட்டினால் அது வரும் இடத்தைக் காட்டும் தேடல் பகுதி அவருடையது.

வேலை முடியும் தறுவாயில் மேல்மலையனூர் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்துக்குப் போனோம். முதுகெல்லாம் கொப்புளமாக ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் தாய் வந்திருந்தார். அந்த வயதுக்கு என்ன மருந்து என்று பார்க்க, செவிலியர் எங்கள் செயலியில் 'கொப்புளம்' என்று தேடினார். 'இல்லை' என்று வந்தது. அவர் செயலியைச் சந்தேகிக்கவில்லை. கையேட்டில் போடவில்லை போலிருக்கிறது என்று சொல்லி, தாயைச் செஞ்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். தேன்மொழி கைபேசியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். கொப்புளத்துக்குத் தனி அத்தியாயமே இருந்தது. வெளியே ஓடினோம், பஸ் போய்விட்டிருந்தது. அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு தெரிந்தது.

திரும்பும் வழியெல்லாம் அவர் கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டே வந்தார். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் செயலியைச் செய்தவர்கள் என்று எங்கள் பெயர்கள் இருந்தன. என் பெயரைத் தேடினார், கிடைத்தது. தன் பெயரைத் தேடினார், கிடைக்கவில்லை. "வசந்தியக் காட்டுது, தேன்மொழி இல்லன்னுது. கொ, தே, மொ, கொம்பு வர்ற எழுத்துலதான் கோளாறு இருக்குது" என்றார். அப்படியேதான் இருந்தது. கையேட்டை அச்சுக்காகத் தயாரித்தவர்களின் கோப்பில் முதலில் கொம்பு, பிறகு எழுத்து, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிந்திருந்தது. நாம் தட்டும்போது கைபேசி வேறு வரிசையில் பதிகிறது. பார்க்க இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு.

இரண்டையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்து ஒப்பிட வைத்தார். சொல் கிடைத்தது. ஆனால் தேடிய சொல்லை அடையாளம் காட்டும் மஞ்சள் பூச்சு பக்கத்துச் சொல்லில் போய் விழுந்தது. எழுத்துகளை மாற்றி அடுக்கியதில் இடக்கணக்கு பிசகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் அவருக்கு நோய் என்று உறுதியானது. மேலாளர் சிக்கலை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது கொடுத்துவிடுவோம் என்றார். தேன்மொழி குரலை உயர்த்தவில்லை. "அப்படின்னா தேடுற பொட்டியை எடுத்துட்டுக் குடுங்க சார். தப்பான எடத்தக் காட்டுறதுக்கு, காட்டாமலே இருக்கலாம்" என்றார். ஒப்பந்தத்தில் தேடலும் இருந்ததால், அது இல்லாமல் கொடுக்க மேலாளரால் முடியாது. வேலையை வேறொருவருக்கு மாற்றவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மருந்து ஏற்றிக்கொண்டு வந்த நாட்களிலும் வீட்டில் படுத்தபடியே எழுதினார். மாற்றிய ஒவ்வொரு எழுத்தும் மூலத்தில் எங்கே இருந்தது என்பதையும் கூடவே பதிந்துவைப்பதுதான் வழி. அதைச் சோதித்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

தாமதத்தால் அடுத்த கட்ட வேலை எங்களுக்கு வரவில்லை. வேறு நிறுவனத்துக்குப் போனது. எனக்குக் கோபம் இருந்தது. பனமலைக்குப் போய் அவரிடமே சொன்னேன். "போனா போவுதுப்பா. அந்த நர்ஸுக்குக் கொப்புளம் கிடைச்சுதா, அத்த சொல்லு" என்றார். கிடைக்கிறது என்றேன். தலையசைத்துவிட்டு, சாப்டியா என்று கேட்டார்.

தேன்மொழியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். இப்போதெல்லாம் எந்த வேலை முடிந்தாலும், அதைப் பயன்படுத்தப் போகிறவரின் ஊருக்கே போய் அவர் பக்கத்தில் உட்காருகிறேன். அவர் தடுமாறும்போது, "இங்க அமுக்குங்க" என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. சொல்வதில்லை. எந்த இடத்தில் அவர் கை நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறேன்.