பூவரசம்பூவில் வந்த சிவப்பு

"அக்கா, ஆர் வீட்டிலை இறைச்சி வாட்டுகினம்? இண்டைக்குத் தவக்காலத்து வெள்ளியெல்லோ" என்று கேட்டபடி தங்கச்சி பிலோமினா குசினிக்குள் வந்தாள். எனக்கும் மணந்தது. ஊர்காவற்றுறையில் எங்கள் ஒழுங்கை முழுக்க வேதக்காரர், கத்தோலிக்கர்தான். எவளுக்கு இவ்வளவு துணிவு என்று அடுப்படியில் நின்றபடியே யன்னலால் கழுத்தை நீட்டினேன்.

பிலோமினா என் வலக்கையை மெல்லத் தூக்கினாள். தோசைக்கல்லில் கிடந்த என் சின்னவிரல்தான் மணந்துகொண்டிருந்தது. எனக்கு நோகவில்லை.

முன்கையில் வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. அதற்கு நான் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் அப்படி ஒரு மரத்த தேமல் இருந்தால் தயவுசெய்து எண்ணெயோடு மினக்கெட வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் டொக்டர் என் கண்களை மூடச் சொன்னார். காத்திருந்து அலுத்துப்போய், "எப்ப ஊசியாலை குத்தப்போறியள்?" என்றேன்.

"குத்தி முடிஞ்சுது, பிள்ளை."

தொழுநோய் (தோலையும் நரம்பையும் தின்னும் நோய்) என்றார். விழுங்கும் குளிசை நோயை நிறுத்தும், போன உணர்வு திரும்பாது. "உமக்கு இனி நோவு காவல் நிக்காது. கண்ணாலை பாரும். புண் எலும்புக்கு இறங்கினால் விரலைக் காப்பாத்த ஏலாது."

அதன்பின் எங்கள் படலையை ஒருவரும் திறக்கவில்லை. பிலோமினா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வகுப்புச் சுவருக்குச் செடிகொடிப் படங்கள் வேண்டும் என்று கடதாசியும் சாயப்பெட்டியும் கொண்டுவந்து வைத்தாள். "சும்மா இருந்து என்னைத் தின்னாமல் கீறுங்கோ."

இதழைக் கவராயத்தின் இரு கூர்முனைகளால் அளந்து, அதே அளவில் கீறவேண்டும். மெல்லிய சாயத்தைப் பூசி, அது காய்ந்த பிறகே அடுத்ததைப் பூசவேண்டும். என் முதல் படத்தைப் பார்த்து, "இது பூவோ, கணவாய் மீனோ?" என்று கேட்டாள். கோபம் வந்தது. ஆனாலும் விடவில்லை.

பூவரசம்பூ காலையில் மஞ்சள், பொழுதுபட்டால் சிவப்பு. அது நிறம் மாறமுன் பூசவேண்டும். நானோ ஆமை. ஒரு பின்னேரம் போத்தலில் இருந்த பூ சிவக்கத் தொடங்கியது. கடதாசியில் இருந்த பூவும் சிவந்தது. நான் கரைத்தது மஞ்சள் மட்டும். பெட்டியில் சிவப்புக் கட்டி ஈரமே படாமல் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்க, இதழோரத்திலிருந்து சிவப்புக் காம்புக்கு இறங்கியது. நான் கீறிய பூவுக்கும் பொழுதுபடுகிறது என்றே நம்பினேன். செபமாலையைத் தேடினேன்.

பிலோமினா வந்து பார்த்தாள். "பூ சரி. காம்பு ஏன் சிவப்பு?" பிறகு என் கையைப் பிடித்து விரித்தாள். பென்சில் சீவிய பிளேட் என் உள்ளங்கைக்குள் இருந்தது. அதைப் பொத்திக்கொண்டே இவ்வளவு நேரமும் கீறியிருக்கிறேன்.

வெட்டு எலும்புக்கு இறங்கிவிடுமோ என்று பயந்த நாட்களில் நான் நித்திரை கொள்ளவில்லை. புண் மெல்ல ஆறியது. அதன்பின் ஓர் இலை கீறினால், உடனே கையை வெளிச்சத்தில் பிரட்டிப் பார்ப்பேன், வேறு யாரோ முற்றத்தில் பிடுங்கி வந்த செடியைப் பார்ப்பதுபோல. இன்றைக்கும் அப்படித்தான்.

சில வருடங்கள் குளிசை விழுங்கிய பின் டொக்டர், "நோய் நிண்டிட்டுது. அஞ்சு விரலும் உமக்குத்தான்" என்றார். பஸ்ஸில் வீடு திரும்பும்போது பிலோமினா என் பக்கத்தில் இருந்தாள். நான் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வேலணை தாண்டியபின் தற்செயலாகக் குனிந்தேன். என் வலக்கையைத் தன் இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். எப்போதிருந்து பிடித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.