தியாகம் என்று பேர் வைத்தார்கள்

லண்டனில் கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்துக்காரர் கூடும் எந்த விழாவிலும் றீற்றா டீச்சரின் பேர் வராமல் போகாது. சாப்பாடு முடிந்ததும் யாராவது மைக்கைப் பிடிப்பார்கள். டவுனில் நல்ல வேலை காத்திருந்தும் போகாமல், கல்யாணமும் செய்யாமல், லயங்களில் குடியிருந்த தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தன் இளமையைத் தியாகம் செய்த தெய்வம் என்பார்கள். கைதட்டுவோம். அந்தத் தெய்வம் கண்டிக்கு மேலே அம்பிட்டியவில் ஒரு சின்ன வீட்டில் உயிரோடு இருக்கிறார், அவரிடமே ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது.

அவர் கதையில் ரகசியம் ஒன்றுமில்லை. கேட்டவர்களுக்குச் சொல்வார்.

தேயிலை ஸ்டோரில் வேலை செய்த கபிரியேலின் மகள் அவர். கண்டி கன்னியாஸ்திரீகள் விடுதியில் இடம் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். படிப்பு முடிந்ததும் டவுனிலேயே தங்கள் பாடசாலையில் எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்கள். விடுமுறைக்கு அவர் தோட்டத்துக்கு வந்திருந்தபோது, தோட்டத்தை நடத்தும் துரை தகப்பனைக் கூப்பிட்டனுப்பினார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆளில்லை, மகள் இங்கேயே படித்துக்கொடுக்கட்டும் என்றார். கபிரியேல் தொப்பியைக் கையில் பிடித்தபடி தலையாட்டிவிட்டு வந்தார். அவரால் வேறென்ன செய்ய முடியும்?

பள்ளிக்கூடம் என்பது, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவை ஒட்டிய தகரக் கொட்டகையில் பாதி. அந்தப் பக்கம் கைக்குழந்தைகள் அழ, இந்தப் பக்கம் எல்லா வகுப்புகளும் ஒன்றாக வாய்ப்பாடு சொல்லும். கொஞ்ச நாளைக்குத்தான் என்று நினைத்திருந்தார் டீச்சர். கன்னியாஸ்திரீகள் மறுபடி ஆள் அனுப்பினார்கள். போகிறேன் என்று ஆபீசில் போய் நின்றார். போகலாம், ஆனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த காம்பராவைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும் என்றார் பெரிய கிளாக்கர். அதற்குள் கபிரியேல் நெஞ்சுநோயில் விழுந்து வேலையை விட்டிருந்தார். டீச்சரின் வேலையை வைத்துத்தான் அந்தக் கூரை அவர்கள் தலைக்கு மேல் இருந்தது. ஆசிரியர் கலாசாலைக்கு முயன்றார். தோட்டத் தொழிலாளர் பரம்பரைக்குப் பிரஜாவுரிமை கொடுக்காத காலம் அது; அது இல்லாதவருக்கு அங்கே இடமில்லை. அவர் அந்த நாட்டிலேயே பிறந்தவர், அவர் தகப்பனும் அங்கேதான் பிறந்தவர். யாரிடம் போய்ச் சொல்வது?

கல்யாணக் கதையும் அப்படித்தான். பேராதனை ஆஸ்பத்திரியில் கிளாக்கராக இருந்த அமலதாஸ் என்பவருக்குப் பேசியிருந்தார்கள். அவர் காத்திருந்தார். பிறகு காத்திருக்கவில்லை. அவரைப் பற்றிக் கேட்டால் டீச்சர் சிரிப்பார். “நல்ல மனுசன். ஆனா பஸ்ஸுக்குக்கூட அவரால ரொம்ப நேரம் நிக்க முடியாது.”

துரை பள்ளிக்கூடத்தைப் பார்க்க வரும்போதெல்லாம் டீச்சர் எழுதுபலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு எழுதத் தொடங்குவார். துரை போகும்வரை எழுதிக்கொண்டே இருப்பார். பலகை நிறைந்துவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். அக்கறை என்று நாங்கள் நினைத்தோம். அது முதுகைக் காட்டுவதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே வழி. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்று, தகப்பனும் இறந்து, பிரஜாவுரிமைக் கடதாசியும் கையில் வந்த பிறகுதான் அவரால் கண்டிக்கு மாற்றலாகிப் போக முடிந்தது. போன அன்று லயம் முழுக்க அழுததாம். அவர் அழவில்லை.

இப்படிப்பட்டவரின் பேரில்தான் எங்கள் லண்டன் சங்கம் ஒரு புலமைப்பரிசில் தொடங்கியது. இளைப்பாறிய ஆசிரியர்களுக்குக் கண்டியில் பாராட்டு விழா, அதே மேடையில் ஆசிரியர் பயிற்சிக்கான கல்வியியல் கல்லூரிக்குத் தெரிவான தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்கு உதவி. நல்ல காரியம்தான். தலைவர் லெட்சுமணன் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார். அவர் டீச்சரிடம் அரிச்சுவடி படித்து, கொழும்புக்குப் போய், லண்டனில் கணக்காளராகி, அங்கேயே வீடு வாங்கியவர். உதவி பெறும் பிள்ளை படிப்பை முடித்ததும் டவுன் பாடசாலை எதையும் ஏற்காமல், தன் தோட்டத்துப் பள்ளிக்கே கேட்டுப் போய், அங்கேயே எட்டு வருடம் படிப்பிக்க வேண்டும். றீற்றா டீச்சர் இருந்ததைப் போல இருக்க வேண்டும் என்றார். கூட்டத்தில் எல்லோரும் சரி என்றோம். மேடையில் பிள்ளை வலது கையை உயர்த்தி நிற்க, டீச்சரே உறுதிமொழியை வாசிக்க, பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் அவர் யோசனைதான். வீடியோவில் நன்றாக வரும், காசு கொடுத்தவர்களுக்கும் ஒரு திருப்தி என்றார்.

விழாவன்று கண்டி மண்டபம் நிறைந்திருந்தது. வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகளில் இளைப்பாறிய ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினோம். டீச்சரின் முறை வந்தபோது லெட்சுமணன் தியாகத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். டவுன் அழைத்தும் போகாதவர் என்றார். கல்யாணத்தையும் சேர்த்துக்கொண்டார். நான் மேடையின் ஓரத்தில் இருந்தேன். டீச்சர் மடியில் கிடந்த பொன்னாடையின் ஜரிகையை நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

பிறகு நிரோஷினியைக் கூப்பிட்டார்கள். கல்லுமலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கறுப்பையாவின் மகள். விஞ்ஞானப் பாடத்துக்குத் தெரிவாகியிருந்தாள். கல்லூரிச் சேர்க்கைக்கு நாள் நெருங்கிவிட்டது. இந்த உதவி வராவிட்டால் அவள் போக முடியாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். லெட்சுமணன் உறுதிமொழித் தாளை டீச்சரின் கையில் கொடுத்து மைக்கையும் நீட்டினார். டீச்சர் அதை அப்போதுதான் பார்க்கிறார். கண்ணாடியை மாட்டி, மௌனமாக, கடைசி வரி வரைக்கும் வாசித்தார். பிறகு பிள்ளையிடம் திரும்பினார்.

“ஒங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல இப்ப எத்தனாம் வகுப்பு வரைக்கும் இருக்கும்மா?”

“அஞ்சு வரைக்கும் டீச்சர்.”

“அப்ப விஞ்ஞானத்தைப் படிச்சிட்டு வந்து அங்க யாருக்குப் படிச்சுக் குடுக்கப் போறே?”

நிரோஷினி கீழே தகப்பனைப் பார்த்தாள். கறுப்பையா, சொல்லச் சொன்னதைச் சொல்லிவிடு என்பது போலத் தலையை அசைத்தார். லெட்சுமணன் குனிந்து, இது சும்மா ஒரு சடங்குதான் டீச்சர், வாசித்துவிடுங்கள் என்றார். மைக் அதையும் மண்டபத்துக்குச் சொன்னது.

“லெட்சுமணா, ஒன்னைய கொழும்புக்கு அனுப்பி வச்சப்ப, திரும்பி வருவேன்னு கையைத் தூக்கச் சொன்னேனா?”

சபையில் சிரிப்பு எழுந்தது. லெட்சுமணனும் சிரித்தார். இல்லை டீச்சர் என்றார்.

“அப்ப இப்ப தூக்கு. கல்லுமலையில படிச்சவங்க எல்லாரும் எழும்புங்க.”

மேடையிலிருந்த சங்கத்துக்காரர் அத்தனை பேரும் எழுந்து நின்றோம். யோசித்து எழவில்லை. அந்தக் குரலுக்குக் கால்கள் தாமாக எழுந்தன. டீச்சர் தாளைப் பார்த்து, பிள்ளையின் பேர் வரும் இடத்தில் லெட்சுமணனின் பேரைப் போட்டு, பாடசாலையில் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வேறெந்த ஊரிலும் வேலையை ஏற்காமல், நான் பிறந்த தோட்டத்துக்கே திரும்பி வந்து, எட்டு வருடம் படிப்பிப்பேன். வாசித்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்துக் காத்திருந்தார். ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை. கை எதுவும் உயரவில்லை. 

“நான் ஆசைப்பட்டு அங்க இருந்தேன்னு ஒனக்கு யாரு சொன்னா? என்னைய விடல. அதனால இருந்தேன். துரை காம்பராவைக் காட்டிக் கட்டி வச்சான். நீ காசைக் காட்டிக் கட்டுற. அவனாவது அதை இன்னொருத்தி பேரச் சொல்லிச் செய்யல.”

தாளை லெட்சுமணனின் சட்டைப் பைக்குள் மடித்துச் செருகிவிட்டு மேடையை விட்டு இறங்கினார்.

அவசரமாகத் தேசிய கீதம் போட்டார்கள். சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார்கள். சனம் வாய்க்குள் பேசிக்கொண்டே கலைந்தது. மேடைக்குப் பின்னால் எங்களுக்குள் வாக்குவாதம். சங்கத்தையே அவமானப்படுத்திவிட்டார், நிபந்தனை இல்லாமல் கொடுத்தால் லண்டனில் என்ன பதில் சொல்வது, பரிசிலை இப்போதைக்கு நிறுத்தி வைப்போம் என்றார் லெட்சுமணன். அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று நான் கேட்டேன். 

நிறுத்தி வைக்கிறார்கள் என்ற செய்தி கறுப்பையாவுக்கு எப்படியோ எட்டிவிட்டது. டீச்சர் மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் போய் நின்றார் கறுப்பையா.

“கைக்கு வந்ததைக் கெடுத்திட்டீங்களே டீச்சர். கையத் தானே தூக்கச் சொன்னாங்க? தூக்கிட்டுப் போயிருப்பா. எட்டு வருசம் கழிச்சு யாரு வந்து கேக்கப் போறா?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன், கறுப்பையா. போறேன்னு ஆபீசுல போய் நின்னப்ப என்னையக் கேட்டாங்க.”

 டீச்சர் அவர் கையைப் பிடித்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார வைத்தார். காசு பிள்ளையின் கைக்கு வரும் வரைக்கும் தான் இந்த இடத்தைவிட்டு அசையப் போவதில்லை என்றார்.

சொன்னபடியே அசையவில்லை. அதே மண்டபத்தில் பின்னேரம் மடவளைக் குடும்பமொன்றின் கல்யாணம். மண்டபப் பொறுப்பாளர் நஸீம் ஆட்களோடு வந்து கதிரைகளை அடுக்கத் தொடங்கினார். மற்ற வரிசைகளெல்லாம் போன பிறகும் மூன்று கதிரைகள் மட்டும் நடுவில் நின்றன. டீச்சர், பக்கத்தில் கறுப்பையா, அடுத்து நிரோஷினி. நஸீம் வந்து பணிவாக, மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள் டீச்சர் என்றார். அவரும் டவுன் பாடசாலையில் டீச்சரிடம் படித்தவர்தானாம்.

“எனக்கு எழும்புறதுக்கு ஒண்ணுமில்ல மகன். அந்தா நிக்கிறாரே தலைவரு, அவரக் கேளுங்க.”

நஸீம் தலைவரிடம் போய்க் கேட்டார். கல்யாண வீட்டு ஆட்கள் பூச்சட்டிகளோடு வாசலில் நின்று பார்த்தார்கள். லெட்சுமணன் வெளியே போய் லண்டனுக்குப் போன் எடுத்தார். வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் வெட்கம் இல்லை, கோபம்தான் இருந்தது. நிபந்தனையை எடுத்துவிடுகிறோம், ஆனால் இனி இந்தப் பரிசிலில் உங்கள் பேர் இருக்காது டீச்சர் என்றார். அதை ஒரு தண்டனையாகத்தான் சொன்னார்.

“மொதல்ல அதை எடு,” என்றார் டீச்சர்.

காசோலையை நிரோஷினியிடம் கொடுத்தார்கள். போட்டோ எடுக்கவில்லை. கறுப்பையா மகளை டீச்சரின் காலில் விழச் சொன்னார். அவள் குனியும் முன்பே டீச்சர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். காலேஜில் யாராவது எதிலாவது கையெழுத்துக் கேட்டால் முழுசாக வாசிக்காமல் வைக்காதே என்று மட்டும் சொன்னார். பிறகுதான் எழுந்தார். நஸீம் அந்தக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

வாகனத்தில் அம்பிட்டியவுக்குக் கொண்டுபோய் விடுகிறோம் என்றோம். வேண்டாம் என்றுவிட்டார். பொன்னாடையைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். நான் கூடப் போனேன்.  அம்பிட்டிய பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். அடுத்த வருசம் வேற புள்ளைக்கு லெட்சுமணன் இதே தாளை நீட்டுவானா என்று கேட்டார்.

தெரியாது டீச்சர் என்றேன்.

“தெரியாதுன்னா, நீ எதுக்கு அந்தச் சங்கத்துல இருக்கே?”

கொண்டக்டர் மணியை அடித்தார். பஸ் நகர்ந்த பிறகும், பதிலைக் கேட்கிற முகத்தோடு ஜன்னல் வழியாக அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.